உறங்கும் விதையும் உயிரின் வரையறையும்: கொல்லிமலைச் சாமையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: உயிரி, மறைநிலை உயிர், விதை, சாமை, பைல் நாடு, மரபியல்

முன்னுரை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் நாட்டுப் பிரிவுகளுள் ஒன்று பைல் நாடு. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையின் மானாவாரி நிலங்களில் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு முதலியன நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்துள்ளன. கொல்லிமலைச் சாமையில் மட்டும் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை எனப் பல நாட்டு வகைகள் உண்டு. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே மாதக்கணக்கில் விதை தொம்பையில் கிடக்கிறது. அக்காலத்தில் அது வளர்வதில்லை, உண்பதில்லை, இனம் பெருக்குவதில்லை. பள்ளிப் பாடநூல்கள் உயிரிக்கு இலக்கணமாகக் கூறும் பண்புகளுள் ஏறத்தாழ எதுவும் புலப்படாத அந்நிலையில் விதை உயிருள்ளதா? இவ்வினாவுக்கு இலக்கணமும் உயிரியலும் சட்டமும் தந்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிவும் தூண்டலும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டுமுடைய ஓரறிவுயிர்கள். நத்தை முதலியன ஈரறிவுயிர்கள். அவ்வரிசை ஆறறிவுடைய மக்களில் முடிகிறது. இதனை உயிரியின் வரையறை எனக் கொள்ளும் போக்கு ஆய்வுலகில் மிகுதி. அது பொருந்தாது. உயிருள்ளவை எனக் கொள்ளப்பட்டவற்றை மரபியல் வகைப்படுத்துகிறதேயன்றி, உயிருக்கும் உயிரற்றதற்கும் எல்லை வகுக்கவில்லை. எல்லை பற்றிய வாதம் சமய நூல்களில்தான் கூர்மை பெற்றது. மரங்களுக்கு உயிருண்டு என்னும் சமணக் கொள்கையைப் பௌத்தரை மறுத்து நிறுவ முயல்கிறது நீலகேசி.

தூண்டலுக்கு எதிர்வினை தருவதே உயிரின் அடையாளம் எனக் கொண்டால் வேறொரு சிக்கல் எழுகிறது. ஜெகதீஷ் சந்திர போஸ் 1902இல் வெளியிட்ட நூலில், தசையும் தாவரமும் மட்டுமன்றி வெள்ளீயம் போன்ற உலோகங்களும் தூண்டலுக்கு மின் எதிர்வினை காட்டுவதையும், தொடர் தூண்டலில் அது தளர்வதையும், நச்சுப்பொருளால் ஒடுங்குவதையும் பதிவு செய்தார். இந்த அளவுகோலின்படி வெள்ளீயக் கம்பி உயிரிகளின் பக்கம் சேர்ந்துவிடும். தொம்பையிலுள்ள சாமை விதையோ வெளியே நிற்கும்.

மறைநிலை உயிர்

காய்ந்த கூரைநீர்த் தாரையின் தூசியில் நீர் பட்டதும் நுண்ணுயிர்கள் மீண்டும் அசைவதை லீவன்ஹூக் 1702இல் விவரித்தார். 1878இல் நூலாக வெளிவந்த விரிவுரைகளில் கிளாட் பெர்னார்டு இத்தகைய நிலையை மறைநிலை உயிர் எனப் பெயரிட்டு, விதையை அதன் சான்றாகக் காட்டினார். உயிர்வாழும் செயலையும் உயிர்வாழும் திறனையும் அவர் பிரித்துக் காட்டியது இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். மறுஆண்டே அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் விதைகளை மண்ணோடு புட்டிகளில் நிரப்பிப் புதைத்தார். 2021இல் தோண்டியெடுத்த புட்டியின் விதைகள் சிலவும் முளைத்தன. 142 ஆண்டுகள் அவை இருந்த நிலையைச் சாவு எனக் கூற இயலாது.

எனினும் அந்நிலை காலத்தால் தீண்டப்படாததும் அன்று. விதையின் சவ்வுகளும் மரபுப்பொருளும் மெல்லச் சிதைகின்றன. ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும், வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஹாரிங்டன் விதி. காயவைத்த விதையைத் தொம்பையில் காப்பது இக்கணக்கின் முதற்பாதியைச் செய்கிறது. விதையின் உயிரை முளைக்கவைக்காமலே அறிய, 1940களில் ஜெர்மனியின் லாகோன் டெட்ரசோலியச் சோதனையை உருவாக்கினார். நிறமற்ற கரைசல் உயிருள்ள கருவில் சிவப்பாகும். உயிருண்டு எனச் சான்று பெற்ற விதை பெரும்பாலும் அச்சான்றுக்காகவே வெட்டப்பட்டிருக்கும்.

சட்டத்தில் விதை

இந்திய விதைச் சட்டம் (1966) விதையைப் பயன்பாட்டால் வரையறுத்தது: விதைக்கவோ நடவோ பயன்படுவது விதை, கிழங்கும் தண்டுக்குச்சியும் அதில் அடங்கும். உயிர் என்னும் சொல்லுக்கு அங்கு இடமில்லை. பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் (2001), தன் வகைக்கு உண்மையான தாவரத்தைத் தரவல்ல, மீளுருவாகும் திறனுடைய உயிருள்ள கரு அல்லது இனப்பெருக்க உறுப்பு என விதையை வரையறுக்கிறது. பெர்னார்டின் திறன் என்னும் கருத்து ஏறத்தாழ அப்படியே சட்டமொழியாகியுள்ளது.

மலையில் நிகழ்வது

சமவெளி சேகோ ஆலைகளின் தேவையால் கொல்லிமலையில் மரவள்ளி பெருகி, சாமை நிலம் சுருங்கியது. மரவள்ளி தண்டுக்குச்சியால் பரவுவது. அக்குச்சியை நெடுநாள் காத்துவைக்க இயலாது. சாமைக்குரிய உறக்கம் அதற்கில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணியைத் தொடங்கியது. ஊர் விதை வங்கிகள் அமைந்தன. விதை பெறும் உழவர் அறுவடைக்குப் பின் பெற்றதினும் கூடுதலாகத் திருப்பித் தருவர்.

சுழிக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் விதை காக்கும் மரபணு வங்கியின் முறை வேறு. அங்கு உயிர் என்பது முளைப்புத்திற விழுக்காடு. தொடக்க அளவில் 85 விழுக்காட்டுக்குக் கீழிறங்கினால் மீண்டும் விதைத்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது உலக உணவு வேளாண்மை அமைப்பின் நெறி. டார்வினியப் படிமலர்ச்சிக்கு உட்படவல்ல, தன்னைத் தானே நிலைநிறுத்தும் வேதி அமைப்பே உயிர் என 1990களில் நாசா ஏற்ற வரையறை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. குளிரறையிலுள்ள மல்லியச்சாமைக்கு அத்திறன் உண்டு. மழையும் பூச்சியும் உழவரின் தேர்வும் அதன்மீது செயற்படுவதில்லை. நிலத்தில் ஆண்டுதோறும் விதைக்கப்படும் மல்லியச்சாமையின்மீது அவை செயற்படுகின்றன. ஓராண்டு விதைக்காமல் விட்ட தொம்பை விதை மறுஆண்டும் முளைக்கக்கூடும். சில ஆண்டுகள் விட்டால் முளைப்பவை குறைந்துகொண்டே வரும்.