ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள்

1960ஆம் ஆண்டு பிரிட்டனில் பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு புதுத் தலைவலி வந்து சேர்ந்தது. கார் வயது பத்தைத் தாண்டிவிட்டதா? அப்படியானால் வருடத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன என்று சான்றிதழ் வாங்க வேண்டும். நம் ஊரில் லாரிக்கும் வாடகை வண்டிக்கும் எஃப்.சி. காட்டுகிறார்களே, ஏறக்குறைய அதே சமாச்சாரம்தான். அங்கே அதன் பெயர் எம்.ஓ.டி. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ். சோதனைக்கு வந்த வண்டிகளில் தேறாமல் போனவை ஏராளம். அதைப் பார்த்து மிரண்டுபோன அரசு, அடுத்த வருடமே பத்து வயது என்பதை ஏழாகக் குறைத்தது. 1967ல் அது மூன்றானது.

தேறாத வண்டியை என்ன செய்வது? ஒர்க்‌ஷாப்பில் விட்டால் காசு. சில சமயம் ரிப்பேர் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். மிச்சம் இருந்தது ஒரே வழி: சனி, ஞாயிறில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்குவது. பிரிட்டிஷ்காரர்கள் இதைத் தங்கள் தேசியப் பொழுதுபோக்கு என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் அதில் பொழுதுபோக்கு ரொம்பக் கொஞ்சம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கிக் கிடந்தது. டாலர் சம்பாதிக்க வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையில் தயாரான கார்களில் பெரும்பகுதியை அரசு வெளிநாட்டுக்கு அனுப்ப வைத்தது. ஏற்றுமதி செய்யாத கம்பெனிக்கு இரும்பு ஒதுக்கீடு கிடைக்காது! உள்ளூர்க்காரர் புதுக் கார் வேண்டும் என்றால் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு 1951ல் கார் மீதான விற்பனை வரி இரண்டு மடங்காகி, மூன்றில் இரண்டு பங்குக்கு (அதாவது 66 சதவீதத்துக்கு மேல்) போய்விட்டது. பெட்ரோல் ரேஷன் 1950ல் நீங்கியிருந்தும் ஓட்டுவதற்குக் கார் இல்லை. ஆகவே போருக்கு முன்னால் செய்த கார்களே கை மாறி, கை மாறி, ஐம்பதுகள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன.

1959ல் மினி வந்தது. ஏழைகளின் கார் என்று கொண்டாடப்பட்ட அதன் விலை வரியோடு சுமார் 500 பவுண்டு. அப்போது ஓர் ஆண் தொழிலாளியின் சராசரி வாரச் சம்பளம் 13 பவுண்டு சொச்சம். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் ஒன்பது மாதம் சேர்த்தால் வாங்கலாம்! எனவே பெரும்பாலானவர்களின் முதல் கார் பழைய கார்தான். 1950ல் பிரிட்டனில் சுமார் 20 லட்சம் கார்கள் இருந்தன. 1970ல் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அந்த வளர்ச்சியில் எத்தனை பேர் எண்ணெய்க் கறை படிந்த கையோடு பங்கெடுத்தார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

செய்த வேலைகள் எல்லாம் சாதாரண வேலைகள்தான். ஆயில் மாற்றுவது, பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது, கிரீஸ் அடிப்பது. மிக அடிக்கடி வந்த வேலை பாயின்ட் சரிசெய்வது. அந்தக் கால எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு உறுப்பு உண்டு. அதற்குள் இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஒரு பொறி. அவை பிரியும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு (சுமார் 0.38 மில்லிமீட்டர்) இருக்க வேண்டும். தேய்ந்து இடைவெளி மாறினால் காலையில் கார் இருமிக்கொண்டு நிற்கும். சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பீலர் கேஜும் போதும். கேஜ் இல்லாதவர்கள் சிகரெட் பெட்டி அட்டையை இடையில் நுழைத்து அளவு பார்த்ததும் உண்டு.

மினியில் இந்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கொண்டுபோய் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் நேராக அதன் மேல் அடிக்கும். கார் நடுரோட்டில் நின்றுவிடும். மழைக்குப் பேர்போன நாட்டில் இப்படி ஒரு வடிவமைப்பு! இதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த வைத்தியம் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. அதை டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் மாட்டி, விரல் நுனிகளை வெட்டி, அவற்றின் வழியாக பிளக் ஒயர்களை வெளியே எடுத்துவிட்டார்கள். வேலை செய்தது.

பிரேக்கில் காற்று எடுப்பது மட்டும் தனி ஆளால் முடியாது. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்றுக்குமிழி புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதை வெளியேற்ற ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து திருகைத் திறந்து மூட வேண்டும். "மிதி... பிடி... விடு" என்று மணிக்கணக்கில் போகும். உள்ளே உட்கார்ந்து மிதித்தது பல வீடுகளில் மனைவியோ பிள்ளையோதான். ரிப்பேர் புத்தகப் படங்களில் அவர்களைப் பார்ப்பது அபூர்வம்.

பெரும்பாலான வீடுகளில் கார் ஷெட் கிடையாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், வாசலைத் திறந்தால் தெரு. அந்தத் தெரு ஓரத்திலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, செங்கல் அடுக்கி, அடியில் புகுந்துவிடுவார்கள். ஜாக்கி நழுவினால் ஆள் காலி. அதைவிட மெதுவாகக் கொன்ற ஆபத்து ஒன்று அப்போது பலருக்குத் தெரியவில்லை. பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த தூளை வாயால் ஊதித் தள்ளுவது எல்லோருக்கும் வழக்கம். நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடிய தூள் அது. பிரிட்டன் அதை முழுவதுமாகத் தடை செய்தது 1999ல்.

சரி, இவர்களுக்கெல்லாம் வேலையைக் கற்றுக்கொடுத்தது யார்? கார் கம்பெனிகள் ரிப்பேர் புத்தகம் அச்சடித்தன. ஆனால் அவை ஏஜென்சி மெக்கானிக்குக்காக எழுதியவை. இந்த இடத்தில் இத்தனையாம் எண் சிறப்புக் கருவியைப் பொருத்திக் கழற்றவும் என்பார்கள். அந்தக் கருவி ஏஜென்சியில் மட்டும்தான் இருக்கும். 1958ல் தொடங்கிய கார் மெக்கானிக்ஸ் போன்ற பத்திரிகைகள் கொஞ்சம் கைகொடுத்தன. இந்த நிலைமையை மாற்றியவர் இலங்கையில் பிறந்த ஒருவர்.

ஜான் ஹெய்ன்ஸ் 1938ல் அன்றைய சிலோனில் பிறந்தார். அப்பா தேயிலைத் தோட்ட மேலாளர். பையனைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கென்ட் பகுதியில் இருந்த பள்ளி விடுதியில் மற்றப் பிள்ளைகள் ரக்பி ஆடப் போனபோது, இவர் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்டின் 7 என்பது 1922 முதல் 1939 வரை வந்த குட்டிக் கார். ஐம்பதுகளில் அது காயலான் கடை விலைக்குக் கிடைத்தது. உளுத்துப்போன மேல்பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் இலேசான உடலைக் கட்டினால் மலிவு விலையில் ஸ்போர்ட்ஸ் கார். (லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் 1948ல் கட்டிய முதல் காரும் இப்படி ஆஸ்டின் 7 மேல் கட்டியதுதான்.) ஹெய்ன்ஸ் தன் காரை விற்க விளம்பரம் கொடுத்ததும் கேட்டு வந்தவர்கள் ஏராளம். எல்லோருக்கும் ஒரு காரைக் கொடுக்க முடியாது. கட்டும் முறையைக் கொடுக்கலாமே! 1956ல் தானே படம் வரைந்து ஒரு சிறு புத்தகம் போட்டார். 250 பிரதிகளும் பத்து நாளில் தீர்ந்துவிட்டன.

பிறகு விமானப்படையில் சேர்ந்தார். 1965ல் ஏடனில் இருந்தபோது, உடன் வேலை பார்த்த ஒருவர் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் கார் ஒன்றை வாங்கிவிட்டு அதைச் சரிசெய்யத் தெரியாமல் திண்டாடினார். உதவப் போன ஹெய்ன்ஸ் கம்பெனிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். சாதாரண ஆளுக்கு அது உதவாது என்று புரிந்தது. ஒரு கேமராவை வாங்கினார். எஞ்சினைக் கழற்றக் கழற்ற ஒவ்வொரு படியையும் படம் எடுத்தார், திரும்பப் பூட்டும்போதும் எடுத்தார். 1966ல் அது புத்தகமாக வந்தது. முதல் 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.

அதன்பின் அவருடைய கம்பெனி இதையே முறையாக வைத்துக்கொண்டது. ஒரு காரை வாங்கு, முழுக்கப் பிரி, படம் எடு, திரும்பப் பூட்டு, எழுது. வீட்டில் இருக்கும் ஸ்பேனரால் ஒரு போல்ட்டைக் கழற்ற முடியாவிட்டால், எழுதுகிறவரின் கையும் அங்கே சிக்கும். வேறு வழி தேடி அதை எழுதுவார். கம்பெனிப் புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம். கம்பெனி எழுதியது கார் எப்படி இருக்க வேண்டும் என்று. ஹெய்ன்ஸ் ஆட்கள் எழுதியது குளிரில் கை விறைத்துப்போன ஒருவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று. உலகம் முழுவதும் 20 கோடிக்கு மேல் பிரதிகள் விற்றன.

புத்தகத்தாலும் காப்பாற்ற முடியாத எதிரி துரு. மோரிஸ் மைனர், மினி போன்ற கார்களில் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்குக் கீழே துருப்பிடித்தால் காரின் எலும்பு உளுத்துவிட்டது என்று பொருள். பலர் ஓட்டையில் கம்பி வலையையும் செய்தித்தாளையும் அடைத்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்து ஏமாற்றினார்கள். 1977ல் எம்.ஓ.டி. சோதனையில் உடல் கட்டமைப்பையும் பார்க்கத் தொடங்கியதும் பட்டி வேலை செல்லுபடியாகவில்லை. வெல்டிங் தெரிந்தவர் பிழைத்தார். மற்றவர் காரைக் காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

இதே கார்கள் ஹெய்ன்ஸ் பிறந்த தீவில் வேறு ஒரு வாழ்க்கை வாழ்ந்தன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இலங்கையில் மோரிஸ் மைனரும் ஆஸ்டின் ஏ40யும் சாக அனுமதி பெறவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் அருகிப்போனபோது, அங்கே இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்தப் புகை கக்கிய வண்டிகள்தான். சனி, ஞாயிறு என்று காத்திருக்கும் வசதி அங்கே யாருக்கும் இல்லை. அதே பத்தாண்டில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனருக்கென்றே கடை வைத்திருந்த சார்ல்ஸ் வேர் என்பவர், தென்னிலங்கையில் அந்தக் காரின் தகட்டுப் பாகங்களைச் செய்து வரவழைத்தார். ஒரு காலத்தில் கப்பலில் போன காருக்கு, உதிரிபாகம் கப்பலில் திரும்பி வந்தது.

வீட்டு ரிப்பேரை அடக்கியது சட்டமோ சோம்பலோ இல்லை. கார் மாறிவிட்டது. பாயின்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. 1993ல் புதுப் பெட்ரோல் கார்களுக்குப் புகை சுத்திகரிக்கும் கருவி கட்டாயமானதும் கார்புரேட்டருக்கு வேலை போயிற்று. 2001 முதல் ஐரோப்பாவில் புதுப் பெட்ரோல் கார்களில் தன் கோளாறைத் தானே பதிவுசெய்யும் கணினி கட்டாயம். காற்று சுத்தமானது, கார் நின்றுபோவது குறைந்தது. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணினி சொல்வதைப் படிக்கும் வழி மறுபடியும் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. பழைய சிறப்புக் கருவி புது வேடத்தில் வந்த மாதிரி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் இதை வாக்கெடுப்புக்கே கொண்டுபோனார்கள். ஏஜென்சிக்குக் கொடுக்கும் ரிப்பேர் தகவலைச் சொந்தக்காரருக்கும் தெருமுனை மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும் என்று மக்கள் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். கார் விலை ஏறிக்கொண்டே போகும்போது, பத்து வயது வண்டியை நம்பி வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஜான் ஹெய்ன்ஸ் 2019 பிப்ரவரியில் காலமானார். அடுத்த வருடம் அவருடைய கம்பெனி கைமாறியது. அந்த வருட டிசம்பரிலேயே, புதுக் கார்களுக்கு இனி அச்சில் ரிப்பேர் புத்தகம் போடுவதில்லை என்று அறிவித்தார்கள்; பழைய கார்களின் புத்தகங்கள் தொடர்ந்து அச்சாகும் என்றார்கள். இதற்கிடையில் 2018 மே மாதம் எம்.ஓ.டி. சட்டத்திலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றி அமைக்கப்படாத கார்களுக்கு இனி சோதனை தேவையில்லை. 1960ல் பத்து வயதுக் காரைப் பார்த்துப் பயந்த அதே அரசு, நாற்பது வயது தாண்டிய மினியைச் சொந்தக்காரரின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது. பிரேக் பிடிக்காவிட்டால் அபராதம் மட்டும் பழையபடி அவருக்குத்தான்.