ஓடு செஞ்சவ எங்க உட்காருவா?

வாஷிங்டன் நகரத்தில் யூ தெருவை ஒட்டி ஒரு சின்ன எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை. அம்மா சமைக்கிறார், மகள் பரிமாறுகிறாள், அப்பா கல்லாவில் இருக்கிறார். நாங்கள் நாலு பேர் போனோம். கை கழுவச் சொல்லிவிட்டு மகள் ஒரே ஒரு தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். வட்டமான பெரிய தட்டு. அது நிறைய ஊத்தப்பம் மாதிரி கண்கண்ணாக இருக்கும் இஞ்சிரா. அதன்மேல் பருப்பு, கீரை, காரமான கோழிக் குழம்பு. தனித்தட்டு, கரண்டி எதுவும் கிடையாது. இஞ்சிராவைப் பிய்த்து, குழம்பைச் சேர்த்து எடுத்து, எல்லாரும் அதிலேயே சாப்பிட வேண்டியதுதான்.

அந்த அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். ஒரு கவளம் சுருட்டி என் வாயருகே நீட்டினார். ‘குர்ஷா’ என்றாள் மகள். அன்பாய் ஊட்டுவதற்கு அங்கே அதுதான் பேர். மறுக்கக் கூடாதாம்.

எனக்குத் தொண்டை அடைத்தது. எங்க ஊர் டீக்கடையில எங்கப்பாவுக்குச் சிரட்டையில ஊத்துவான். குடிச்சிட்டு அவரே கழுவிக் கவுத்து வைக்கணும். அப்படிப்பட்டவர் மகனுக்கு முன்பின் தெரியாத ஒரு தாய் தன் கையால் ஊட்டுகிறார். சாதியே இல்லாத ஒரு நாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன்.

நினைத்தது தப்பு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இஞ்சிரா ‘டெஃப்’ என்னும் தானியத்தில் செய்வது. கசகசா போல அத்தனை பொடிசான தானியம். மாவைக் கரைத்து, பழைய புளிப்புத் தண்ணியைக் கொஞ்சம் ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்க வைக்கிறார்கள். பிறகு ‘மிதாத்’ என்கிற அகலமான மண் ஓட்டில் ஊற்றி, மூடிபோட்டு வேக வைக்கிறார்கள். பழைய கிறித்துவத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் புதனும் வெள்ளியும் கறி, பால், முட்டை தொடமாட்டார்கள். பருப்பிலும் கீரையிலும் இத்தனை வகை வந்ததற்கு அந்த நோன்பும் ஒரு காரணம்.

இந்தச் சாப்பாடு அமெரிக்காவில் பரவியது துயரத்தால். 1974-இல் பேரரசர் ஹைலே செலாசி கவிழ்க்கப்பட்டார். ‘தெர்க்’ என்ற ராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. 1977-78 சிவப்பு பயங்கரவாதத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களில் பலர் வாஷிங்டனில் சேர்ந்தார்கள். 1978-இல் அங்கே ‘மம்மா டெஸ்டா’ என்ற கடை திறந்தது. அதற்குப் பின்னால் எத்தனையோ குடும்பக் கடைகள் வந்தன. ஊரை இழந்தவர்களுக்கு அந்தத் தட்டுதான் ஊர்.

சரி, சொந்த ஊரில் அந்தத் தட்டைச் சுற்றி யார் உட்கார்ந்தார்கள்?

பேரரசர் மெனலிக் காலத்து ‘கெபர்’ என்னும் அரண்மனை விருந்தில் ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். ஆனால் ராஜா திரைக்குப் பின்னால் முதலில் சாப்பிடுவார். பிரபுக்கள் ஆனபிறகே திரை விலகும். மற்றவர்கள் தகுதிப்படி பந்தி பந்தியாக வருவார்கள். கறித்துண்டும் தேன்மதுவும்கூட ஆளின் அந்தஸ்தைப் பார்த்துத்தான். கூட்டம் ஒன்று, வரிசை வேறு.

அந்த வரிசையிலும் சேராதவர்கள் உண்டு. குயவர், கொல்லர், தோல் பதனிடுவோர், நெசவாளர். இவர்களை ‘புடா’ என்றார்கள். கண்ணேறு உள்ளவர்கள், ராத்திரியில் கழுதைப்புலியாக மாறுகிறவர்கள் என்றார்கள். சாப்பிடும்போது இவர்கள் பார்வை பட்டால் நோவு வரும் என்று துணியைப் பிடித்து மறைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மண் ஓடு செய்வதும் கலப்பைக்குக் கொழு அடிப்பதும் இவர்கள்தான். இவர்கள் இல்லாமல் டெஃப் விளையாது, இஞ்சிரா வேகாது.

தானா ஏரிக்கரையில் வெய்தோ மக்கள். நீர்யானை வேட்டையாடித் தின்றவர்கள் என்பதால் தீட்டு. குராகே நாட்டில் ஃபூகா மக்கள். உழுதால் மண்ணின் வளம் கெட்டுவிடும் என்று நிலத்தையே தொடவிடவில்லை. காப்பி பிறந்த காஃபா காட்டில் மாஞ்ஜோ மக்கள். காட்டு விலங்கைத் தின்கிறவர்கள் என்று சொல்லி வீட்டுக்குள் விடுவதில்லை. சோறு கொடுத்தால் இலையில் வைத்து வெளியே கொடுத்தார்கள். அவர்கள் சுமந்துவரும் விறகும் கரியும் மட்டும் தீட்டில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வேறு நாட்டைப் பற்றிப் படிப்பதாகவே தோன்றவில்லை. மாட்டுக்கறி தின்கிறவன் என்று நம்மைச் சொல்லும் அதே வாய்தான். முதலில் மனிதனை ஒதுக்கு, பிறகு அவன் தட்டில் காரணம் தேடு.

1975-இல் தெர்க் அரசு நிலத்தைப் பொதுவாக்கியது. குத்தகை முறை ஒழிந்தது. ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பல இடங்களில் நிலம் கிடைத்தது. ஆனால் நிலம் கொடுத்த சட்டத்தால் தட்டில் இடம் கொடுக்க முடியவில்லை. டீனா ஃப்ரீமனும் அலுலா பாங்க்ஹர்ஸ்டும் தொகுத்து 2003-இல் வந்த நூல் தெற்கு எத்தியோப்பியாவின் இந்த மக்களைப் பற்றியது. கூடச் சாப்பிடுவதிலும் கல்யாணத்திலும் உள்ள விலக்கு எவ்வளவு பிடிவாதமானது என்று அது காட்டுகிறது.

மறுபடி அந்தக் கடைக்குப் போனபோது அந்த அம்மாவிடம் கேட்டேன். மகள் மொழிபெயர்த்தாள். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க ஊர்ல ஓடு விக்க வர்றவங்க வாசல்லயே நிப்பாங்க. நாங்க சாப்பிடறத அவங்க பாக்கக் கூடாதும்பாங்க. சின்னப்புள்ள, எனக்கென்ன தெரியும். இங்க அதெல்லாம் யாரு பாக்கறா?”

மகள் சிரித்தாள். “கல்யாணம்னா பாப்பாங்க” என்றாள்.

அந்த அம்மாவின் குர்ஷாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது உண்மையான அன்பு. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குள் ஊட்டிக்கொள்ளும் அன்பும் சாதி ஒழிப்பும் ஒன்றல்ல. நம் ஊரிலும் சுதந்திர தினத்துக்குக் கோயிலில் சமபந்தி போடுகிறார்கள். அதிகாரி நம் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார். மறுநாள் சேரிக்குள் யார் வந்து தண்ணி குடிக்கிறார்கள்?

2001-இல் டர்பன் மாநாட்டில் நம் தோழர்கள் சாதியை உலகத்தின் முன் வைத்தார்கள். 2002-இல் ஐ.நா.வின் இன ஒதுக்கல் ஒழிப்புக் குழு, பிறப்பின் அடிப்படையிலான ஒதுக்கல் எல்லாமே தன் வரம்புக்குள் வரும் என்று பொதுப் பரிந்துரை தந்தது. மாஞ்ஜோவும் நாமும் ஒரே பந்தியில் சேர அது ஒரு வழி. அவர்கள் வரலாற்றை நாம் படிக்கணும், நம்முடையது அவர்கள் கைக்குப் போகணும்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா மண் கூஜாவில் காப்பி ஊற்றினார். மூன்று முறை ஊற்றுவது வழக்கமாம். நான் அந்தக் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வனைந்த கைக்கு யாராவது ஒரு கவளம் ஊட்டியிருப்பார்களா?