நட்பும் பகையும்: மலாக்கா தரும் பாடம்

ஒரு சமூகத்தின் வலிமையை அளக்கப் புகுவோர் அதன் நட்புகளையே எண்ணுகின்றனர், பகைகளை எண்ணுவதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்ட கணக்கை எந்த வணிகர் ஒப்புவார்? இப்பிழையின் விலை யாதென்பதை மலாக்காத் தமிழரின் பழங்கதை ஒன்று காட்டுகிறது.

சுல்தான் மகமூத் ஷாவின் ஆட்சியில் ராஜா முதலியாரும் நைனா சூரதேவானாவும் பகைத்து நின்றனர். வழக்கு, பெண்டாஹாராவாகிய துன் முத்தாஹிரிடம் சென்றது. சூரதேவானா இரவோடிரவாக அவருக்குப் பொன் கொடுத்தார். அது முதலியாரைக் கொல்வதற்கான கைக்கூலி என்று, சூரதேவானாவின் உறவினனான கித்துல் முதலியாரிடமே சென்று மூட்டினான். அஞ்சிய முதலியார் லக்சமானா கோஜா ஹசானை நாடி, பெண்டாஹாரா அரசைக் கவர எண்ணுகிறார் என்று பழி சுமத்தினார். 1510இல் முத்தாஹிர் கொல்லப்பட்டார். உண்மை வெளிப்பட்டபின் முதலியாரும் கித்துலும் மாண்டனர் எனச் செஜாரா மெலாயு உரைக்கிறது. 1511இல் நகரம் போர்த்துகீசியர் வசமாயிற்று.

முதலியாரின் உள்ளத்தில் நிகழ்ந்ததென்ன? பகைவனுக்கு நண்பன் எனக்கும் பகைவன் என்பதே. இவ்வியல்பை 1946இல் உளநூலறிஞர் பிரிட்ஸ் ஹைடர் ஆராய்ந்தார். 1956இல் கார்ட்ரைட்டும் ஹராரியும் கணிதமாக்கினர். நட்புக்குக் கூட்டற்குறியும் பகைக்குக் கழித்தற்குறியும் இட்டு, மூவரிடையுள்ள மூன்று குறிகளையும் பெருக்குக. கூட்டல் வருமேல் அம்முக்கோணம் நிலைபெறும். கழித்தல் வருமேல் ஓர் உறவு மாறத் துடிக்கும். ஒவ்வொருவரும் மற்றெல்லோரோடும் நட்போ பகையோ கொண்டு, எல்லா முக்கோணங்களும் நிலைபெற்றுவிட்டால், சமூகம் ஒன்றாயிருக்கும். அன்றேல் இரு பகைமுகாம்களாய்ப் பிளந்துவிடும். ஆயினும் நாலைந்து முக்கோணங்களைக் கண்டு விதி கூறலாகாது. அதே அளவு நட்பும் பகையும் தற்செயலாகச் சிதறியிருப்பின் இத்தகைய முக்கோணம் எத்தனை தோன்றும் என்று கணித்து, கண்டதை அதனோடு ஒப்பிடுதலே புள்ளியியலார் முறை.

இனி நமது தோட்டங்களுக்கு வருவோம். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபின், மலாக்கா எங்கும் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தனர். கடல் கடந்த ஜாதி மலாயாவின் லயங்களிலும் குடியேறியது. தன் ஜாதியாரோடு உறவு, பிற ஜாதியாரோடு விலகல் என்ற ஏற்பாடும், ஜாதிகள் இரண்டேயாயின், கணக்கின்படி நிலைபெற்றதே! ஆகவே நிலைபேறு வேறு, நீதி வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

இரு லயத்தாரோடும் நட்புக்கொள்பவனது முக்கோணம் நிலைகொள்ளாது. ஒரு பக்கம் சேரென்று இருபுறமும் அவனை நெருக்கும். அவன் அசையாது நிற்பானேல், மாறவேண்டியது அவ்விரு லயத்தாரின் பகையே. கித்துலும் அங்ஙனம் நடுவில் நின்றவனே. அவன் பகையை வளர்த்தான். சீர்திருத்தக்காரர் அவ்விடத்தில் நின்று நட்பை வளர்ப்பாராக.