வாரம் ஒரு பென்னி

மட்டக்களப்புப் பகுதிக்கு மெதடிஸ்த மிஷன் 1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட்டுடன் வந்தது. மறு ஆண்டே அவர் அங்கு காலமானார். மெதடிஸ்த சபையின் உயிர்நாடி ஆலயத்தைவிட ‘வகுப்பு’ எனப்பட்ட சிறு குழுவே. அது வேதம் ஆராயவென்று தோன்றியதல்ல. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சபையின் கட்டடக் கடனை அடைக்க, ஏறக்குறையப் பன்னிருவருக்கு ஒரு தலைவர் வாரம் ஒரு பென்னி தண்டினார். வீடுவீடாகப் போனவருக்குக் குடியும் கணவன் மனைவி சண்டையும் கண்ணில் பட்டன. வசூல் ஆன்மிக விசாரிப்பாக மாறியது. பிறகு எல்லோரும் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடினர். ஒழுங்கு தவறியவருக்கு உறுப்பினர் என்பதற்கான காலாண்டுச் சீட்டு கிடைக்கவில்லை. குருவானவர் அல்லாதோரும், பெண்களும்கூட, வகுப்பு நடத்தினர். வகுப்பைத் தவிர, விருந்து என்ற தனி நிகழ்ச்சியும் இருந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, மொரேவியக் கிறிஸ்தவர்களிடம் கண்டு எடுத்துக்கொண்ட ‘அன்பின் விருந்தில்’ ரொட்டியும் தண்ணீருமே. இருபிடிக் கிண்ணம் கைமாற, அவரவர் அனுபவத்தைச் சொன்னார்கள்.