சிகாகோ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, 1907–08 பருவம்

ஜோசப் ரேகிராஃப்ட் பயிற்சியளித்து, ஜான் ஷோமர் நடுவாட்டக்காரராக விளங்கிய சிகாகோ பல்கலைக்கழக அணி, 1908-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசிய வாகையராகக் கருதப்படுகிறது. மத்திய மேற்குப் பகுதிக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பான ‘மேற்கு மாநாட்டில்’ விஸ்கான்சினுடன் சமநிலையில் இருந்த அந்த அணி, தீர்வு ஆட்டத்தில் 18–16 என வென்றது. பின்னர் கிழக்கின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை 21–18, 16–15 என இருமுறை வீழ்த்தியது. ஒவ்வொரு கூடைக்குப் பின்னும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுசென்று மேலே வீசி ஆட்டத்தைத் தொடங்குவது அக்கால விதி. இத்தகைய குறைந்த புள்ளிகளுக்கு அதுவும் ஒரு காரணம்.

தேசியக் கல்லூரிப் போட்டித்தொடர் 1939-இல்தான் தொடங்கியது. ஹெல்ம்ஸ் விளையாட்டு அறக்கட்டளை சிகாகோவுக்கு வழங்கிய தேசிய வாகையர் பட்டமோ பல பத்தாண்டுகள் கழித்து அறிவிக்கப்பட்டது. எனவே இது ஏட்டளவிலான பெருமையே என்று வாதிடலாம். அக்காலத்துப் பட்டங்கள் பலவற்றுக்கு அந்த வாதம் பொருந்தும். இதற்கு முழுமையாகப் பொருந்தாது. இங்கே பிற்காலத் தேர்வாளர்களின் கணிப்புக்கு முன்பே ஆடுகளத்தில் முடிவு தெரிந்துவிட்டது. தெற்கும் மேற்குக் கடற்கரையும் அந்த ஆட்டங்களில் பங்கேற்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும் இரு பெரும் வட்டாரங்களின் முன்னணி அணிகள் நேருக்கு நேர் மோதிப் பெற்ற முடிவு என்பதால், சிகாகோவின் உரிமைக்கு வலுவான அடிப்படை உண்டு.