லேடாங் மலையடிவாரத்தில் ஒரு சிவப்புப் பலகை: ஏறும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

ஜாசின் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் செம்பனை மரங்களுக்கு மேலே தெரியும் லேடாங் மலையைத் தினமும் பார்த்திருப்பீர்கள். உயரம் 1,276 மீட்டர். உச்சி ஜோகூரில் இருந்தாலும், இந்தப் பக்க அடிவாரத்தில் இருப்பது மலாக்காவின் ஆசாஹான். "ஆசாஹான் பக்கமாவே ஏறிடலாமே, எதுக்கு ஜோகூர் வரைக்கும் சுத்தணும்?" என்று நண்பர் யாராவது கேட்டால், இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆசாஹானில் என்ன இருக்கிறது?

இராணுவத்தின் சுடும் பயிற்சித் திடல். மலாயில் 'லாப்பாங் சாசார்' என்பார்கள். இது நேற்று வந்ததல்ல. 1950களின் இறுதியில் மலாக்காவில் தெரெண்டாக் முகாம் கட்டப்பட்டது. அங்கிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் ஆசாஹானில் பயிற்சி செய்தார்கள். அவர்கள் போன பிறகு மலேசிய இராணுவம் பயன்படுத்துகிறது.

மலையேறுவோரின் கதை அதைவிடப் பழையது. இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854-இலேயே மலாக்காவிலிருந்து வந்து இந்த மலையில் ஏறியிருக்கிறார்.

வெடிச்சத்தம் கேட்கவில்லை என்றால் போகலாமா?

கூடாது. சுடப்படும் குண்டுகள் எல்லாமே வெடித்துவிடுவதில்லை. சில மண்ணுக்குள் புதைந்துவிடும். மழை மண்ணை அரித்த பிறகு, பல வருடம் கழித்துக்கூட அவை வெளியே வரலாம். துருப்பிடித்துப் பார்க்கப் பழைய இரும்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே வெடிமருந்து இன்னும் வேலை செய்யலாம். அதனால் பயிற்சி இல்லாத நாளிலும் அந்த நிலம் ஆபத்தானதுதான்.

இங்கிலாந்தின் டார்ட்மூரிலும் இராணுவமும் நடைப்பயணிகளும் ஒரே நிலத்தைப் பகிர்கிறார்கள். சுடும் நேரத்தை முன்கூட்டியே வெளியிடுவார்கள். அன்று பகலில் சிவப்புக் கொடி ஏறும். கொடி இல்லாத நாளில் நடக்கலாம். அங்கேயும் ஒரு விதி மாறாது: தரையில் கிடக்கும் எந்த உலோகப் பொருளையும் தொடக்கூடாது.

'ஆப்'பில் பாதை காட்டுகிறதே?

யாரோ ஒருவர் எப்போதோ நடந்த தடம் அது. அவர் அனுமதி வாங்கினாரா என்று ஆப்புக்குத் தெரியாது. துப்பாக்கி ஏந்திய வீரர் படம் போட்ட சிவப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். தமிழிலும் எழுதியிருக்கும், புரியவில்லை என்று சொல்ல முடியாது! அதற்குப் பின்னால் இருப்பது 1959-ஆம் ஆண்டின் தடுக்கப்பட்ட பகுதிகள் சட்டம். அனுமதியின்றி நுழைந்தால் சிறைகூடப் போக நேரலாம்.

அப்படியென்றால் எப்படி ஏறுவது?

• தங்காக்கை அடுத்த சாகிலில், குனோங் லேடாங் தேசியப் பூங்காவின் நுழைவாயிலில் பதிவு செய்யுங்கள். வழிகாட்டியோடு ஏறுங்கள்.

• ஆசாஹான் பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் அதிகாரிகளிடம் கேளுங்கள். 'போன வருஷம் போனோம்' என்பது அனுமதி ஆகாது.

• குண்டு போன்ற பொருளைக் கண்டால் தொடாதீர்கள், உதைக்காதீர்கள், பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். வந்த வழியே திரும்பி, இடத்தைக் குறித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். மற்றதை வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

தோட்டத்தில் தம்பி தங்கைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். பழைய இரும்பு என்று நினைத்து முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள்தான்.