அச்சப் படங்களும் அடிமையின் கண்ணீரும்

வெள்ளி விழா மலரில் திரைப்படத்தைப் பற்றிய கட்டுரையா என்று சிலர் வினவக்கூடும். பள்ளி மைதானத்தில் சிறுவர் சிலர் கைகளை முன்னே நீட்டி, கண்களைச் செருகி, தள்ளாடி நடந்து ஒருவரையொருவர் அச்சுறுத்துவதை ஒருநாள் கண்டோம். என்ன விளையாட்டு என்று கேட்டதற்கு, "ஜாம்பி, ஐயா! பிணம் எழுந்து வந்து மனிதரைத் தின்னும்" என்றனர். இது திரைப்படம் கற்பித்த பாடம். வரலாறு கற்பிக்கும் பாடமோ வேறு. அதனை நம் இளைஞர் அறிதல் வேண்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

கரீபியன் கடலிலுள்ள ஹைட்டி நாடு முன்னாளில் பிரெஞ்சுக்காரரின் குடியேற்றமாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க மக்கள் அங்கே கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் அடிமைகளாய் உழன்றனர். இறந்தபின் உயிர் முன்னோரின் ஆப்பிரிக்க மண்ணுக்கு மீளும் என்னும் நம்பிக்கை அவர்க்கு ஓர் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையும் பறிக்கும் அச்சம் ஒன்று அம்மண்ணில் பிறந்தது. மந்திரத்தால் பிணத்தை எழுப்பி, நினைவும் சொல்லும் அற்ற உடலாக்கி, மீண்டும் வயலில் வேலை வாங்குவர் என்பதே அவ்வச்சம். அவ்வாறு எழுப்பப்பட்டவனே ஜாம்பி. அவன் எவரையும் தின்பவன் அல்லன். சாவிலும் விடுதலை பெறாத அடிமை.

அம்மக்கள் 1791-இல் கிளர்ந்தெழுந்தனர். நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து, 1804 சனவரி 1-ஆம் நாள் தம் நாட்டின் விடுதலையை அறிவித்தனர். அவ்வெற்றிக்குத் தண்டனை போலப் பிரான்சு 1825-இல் 15 கோடி பிராங்கு இழப்பீடு கேட்டது. பின்னர் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படைகள் அந்நாட்டை ஆக்கிரமித்திருந்தன. சாலை அமைக்க உழவரைக் கட்டாய வேலைக்கு இழுத்தன. எதிர்த்துப் போரிட்ட சார்லமாஞ் பெரால்ட் 1919-இல் கொல்லப்பட்டார்.

அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான், 1929-இல், வில்லியம் சீபுரூக் என்னும் அமெரிக்கர் ஜாம்பிக் கதையைத் தம் பயண நூலில் எழுதினார். 1932-இல் 'ஒயிட் ஜாம்பி' என்னும் படம் வெளிவந்தது. அதில் வரும் கரும்பாலையில், பேச்சற்ற உடல்கள் ஆலையைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒருவன் தவறி எந்திரத்துள் விழுகிறான். மற்றவர் நில்லாமல் சுற்றுகின்றனர். விழுந்தவன் யார், அவனுக்கு அழுவார் உண்டா என்று படம் கேட்பதில்லை. வெள்ளைப் பெண்ணொருத்தி ஜாம்பி ஆனாளே என்பதுதான் அதன் துயரம். படத்தின் பெயரே அதனைப் பறைசாற்றுகிறது.

1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்துக்குப் பின்னரே ஜாம்பி மனிதரைத் தின்னும் பிணமாகிவிட்டது. கரும்புத் தோட்டம் மறைந்தது, அடிமையும் மறைந்தான். ஆயினும் அதே படத்தில் டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பின நடிகர் நாயகராக நடித்தார் என்பதையும் சொல்லவேண்டும். இரவெல்லாம் போராடிப் பிழைத்த அந்நாயகனைக் காலையில் வந்த துப்பாக்கிக் கூட்டம் சுட்டு, உடலை நெருப்பிலிடுகிறது. சுட்டவர் பேய்கள் அல்லர், மனிதரே!

அண்மைக் காலத்திலும் இருவகைப் படங்களைக் காண்கிறோம். 2020-இல் வந்த 'ஆன்டிபெல்லம்' அடிமைத் தோட்டத்தின் அடியையும் சூட்டையும் காட்டியது. துன்பத்தையே காட்சிப் பொருளாக்கியது என்று பலர் அதனைக் குறை கூறினர். 2017-இல் ஜோர்டன் பீல் எழுதி இயக்கிய 'கெட் அவுட்' படத்திலோ சாட்டையே இல்லை. கறுப்பின இளைஞன் ஒருவனின் உடலைச் செல்வர் கூடி ஓசையின்றி ஏலம் எடுக்கின்றனர். நாமோ அவனுடைய அச்சத்தை அவன் கண்வழியே காண்கிறோம். கொடுமையைக் காட்டுவது குற்றமன்று. கொடுமைக்கு ஆளானவனை வெறும் உடலாகக் காட்டுவதே குற்றம்.

இவ்வேற்றுமை நமக்கு அயலானது அன்று. மகாத்மா சோதிராவ் பூலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலை, கறுப்பினத்தாரின் அடிமைத்தளையை அகற்றப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டு, அறிஞர் டூபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அவர்களுடைய துன்பத்தை நம் பெரியோர் வேடிக்கை பார்க்கவில்லை; பாடமாகக் கற்றனர்.

ஆகவே இளைஞர்களே! படம் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பார்க்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இங்கே அஞ்சுபவர் யார்? யாருக்காகக் கண்ணீர் சிந்தச் சொல்கிறார்கள்? அடிபடுகிறவனுக்குப் பெயரும் வீடும் சொல்லும் உண்டா?

நாளை நம் பாட்டன் பாட்டியரின் வரலாற்றை எழுதப்போகிறவர்களும் நீங்களே. அவர்கள் பட்ட அடியை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் பெயரை எழுதுங்கள். பாடிய பாட்டை எழுதுங்கள். எதிர்த்துச் சொன்ன சொல்லை எழுதுங்கள். கல்வி கற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்று.